சில்லறை இல்லை!

'சில்லறை' என்னும் சொல்லுக்கு நம் மொழியிலே இரண்டு பொருள் வழங்குகின்றன. ஒன்று, சிறு நாணயம். மற்றொன்று, பொருட்படுத்தத் தகாதது. 'சில்லறை விஷயம்' என்கிறோம். 'சில்லறைப் புத்தி' என்கிறோம். முதற் பொருளை நம்மிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாம் பொருளை நமக்குத் திருப்பிக் கொடுப்பதே கடைவீதியின் வழக்கமாய் இருந்து வருகிறது.

இக் கரக்பூரிலிருந்து தாய்நாடு செல்லும் நம்மவர் நான்கு மாநிலங்களைக் கடந்து செல்கின்றனர். வழியிலே மொழி மாறுகிறது, எழுத்து மாறுகிறது, சோற்றின் பதமும் மாறுகிறது. மாறாத வாசகம் ஒன்றே. இங்கே கோல்பஜாரில் 'குச்ரோ நேய்' என்பர். பாலேசுவரம் தாண்டினால் 'குச்சுரா நாஹி'. விசாகப்பட்டினத்திலே 'சில்லர லேது'. சென்னையில் இறங்கியதும் செவி குளிரத் தமிழிலேயே, 'சில்லறை இல்லை!' பாரத நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

நாம் சென்ற ஆண்டில் ஒரு மாதம் முழுவதும் ஒரு சிறு குறிப்பேட்டில் கணக்கு எழுதி வந்தோம். வரவு செலவுக் கணக்கு அன்று, வராத கணக்கு. நமக்கு வரவேண்டிய மீதியில் எவ்வளவு வரவில்லை என்னும் கணக்கு அது. இல்லத்தரசியார் முதலில் நகைத்தார். மூன்றாம் நாளிலிருந்து அவரே நினைவூட்டத் தொடங்கிவிட்டார். மாத முடிவில் கூட்டிப் பார்த்தோம். மளிகைக் கடையில் 23 ரூபாய். மருந்துக் கடையில் 14. டோட்டோ வண்டிகளில் 30. தேநீர், தண்ணீர், நகல் எடுத்தல் முதலிய உதிரிகளில் 9. ஆக 76 ரூபாய். இவற்றுக்கு ஈடாக நாம் பெற்றுக்கொண்டவை மிட்டாய் ஆறு, தீப்பெட்டி ஒன்று, 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்னும் வாக்குறுதிகள் பல.

எழுபத்தாறு ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கும் நேயர்களும் இருப்பார்கள். ஆண்டுக்கு 912 ரூபாய். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் குறிப்பேடுகளுக்குப் போதும். மேலும், நம் குடியிருப்பிலே நூறு தமிழ்க் குடும்பங்கள் இருப்பதாகக் கொண்டால் ஆண்டொன்றுக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு மேல் இவ்வாறு 'இல்லை' என்ற ஒரு சொல்லிலே கரைந்து போகிறது. கையில் வாங்காமல் விடும் காசுக்கு ரசீது கிடையாது என்பதனால் இது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

மிட்டாயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் எதிர்வீட்டு அம்மையார் மீதிக்காசுக்குப் பதிலாகக் கிடைத்த மிட்டாய்களைத் தின்னாமலும், பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்காமலும் ஒரு டப்பாவிலே சேர்த்து வந்தார். நாற்பது சேர்ந்தவுடன் அதே கடைக்குச் சென்று ஒரு கிலோ சர்க்கரை வாங்கினார். ரூபாய் நோட்டோடு மிட்டாய்களையும் எண்ணி மேசைமீது அடுக்கினார். கடைக்காரர் திகைத்து, 'மாசிமா, இது என்ன?' என்றாராம். 'நீ எனக்குக் கொடுத்த பணம்தான், பாபா! உன் கடைச் சரக்கு உன் கடையிலே செல்லாதா?' என்று கேட்டிருக்கிறார் அம்மையார். கடையிலிருந்தவர் எல்லாரும் சிரித்துவிட்டனர். நாற்பது ரூபாயும் கழிக்கப்பட்டது. அன்று முதல் அம்மையார் வாசலில் தலை காட்டினாலே கல்லாப்பெட்டியிலிருந்து ஒற்றை ரூபாய்கள் தாமாகக் குதித்து வெளிவருகின்றன என்று கேள்வி. அப்படியானால் இத்தனை நாளும் அவை எங்கே ஒளிந்திருந்தனவோ!

நிற்க. இந்தத் துன்பம் புதிதன்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று நம் நாட்டிலே தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆகவே ரூபாய்க்கு 192 தம்பிடி. புதிய ஏற்பாட்டில் ரூபாய்க்கு நூறு நயாபைசா. நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால் வரும். கால் நயாபைசா நாணயம் கிடையாது. ஆகவே ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அட்டவணை வகுத்தார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓரணாப் பண்டம் நான்கை ஒருங்கே வாங்கினால் 25 நயாபைசா. அவற்றையே நாலு தடவையாக வாங்கினால் நாலாறு இருபத்து நாலுதான்! அட்டவணையை மனப்பாடம் செய்தவர் ஒரு காசு மிச்சம் பிடித்தனர். செய்யாதவர் கடைக்காரர் சொன்னதைக் கொடுத்தனர். 'நயா' என்ற அடைமொழி 1964இல் நீங்கியது. பிறகு விலைவாசி ஏற ஏறக் காசுகள் ஒவ்வொன்றாக மறைந்து, 2011 ஜூன் 30ஆம் தேதியோடு இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்ட யாவும் செல்லாதனவாயின. ஐம்பது காசு சட்டப்படி இன்றும் செல்லும். அதை வாங்கிக்கொள்ளும் கடையை யாரேனும் கண்டால் நமக்குத் தெரிவிக்கவும்.

ஆனால் சட்டப்படி செல்லும் நாணயம் எல்லா ஊரிலும் செல்லும் என்று எண்ணுவது பிழை. நம்மைப்போல் இரண்டு ஊர்களுக்கிடையே வாழ்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

2011இல் ஒரு ரூபாய் நாணயத்தின் உருவத்தைச் சிறிதாக்கினார்கள். 25 மில்லிமீட்டராய் இருந்த குறுக்களவு சுமார் 22 ஆயிற்று. ஐம்பது காசு போல் இருக்கிறது என்பதாலோ என்னவோ, இந்த வங்க நாட்டிலே பல கடைகளில் 'சோட்டோ எக் டாக்கா' என்று சொல்லி அதைக் கையால் தொடவும் மறுக்கின்றனர். தமிழ்நாட்டிலே அதற்கு ஒரு தடையும் இல்லை. அங்கே தடைப்பட்டது பத்து ரூபாய் நாணயம். 2016ஐ ஒட்டிக் கிளம்பிய ஒரு வதந்திதான் காரணம். நாணயத்தின் மேல்புறத்தில் பதினைந்து கதிர்க்கோடு உள்ளது போலி, பத்துக் கோடு உள்ளதே மெய் என்று ஒரு வதந்தி. ரூபாய்க் குறியீடு இல்லாதது செல்லாது என்று இன்னொன்று. அக்குறியீடே 2011இல்தான் நாணயங்களில் ஏறியது. அதற்கு முன் வெளிவந்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்? ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையில், அதுவரை பதினான்கு வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியாகியிருப்பதாகவும், பதினான்கும் செல்லுபடியாகும் என்றும் தெளிவாகச் சொல்லிற்று. வதந்திக்கு அறிக்கை படிக்கும் பழக்கம் இல்லை.

இதன் கொடுமை யாருக்கு என்று பாருங்கள். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் தாயார். காலஞ்சென்ற கணவர் இருப்புப்பாதையில் காங்மேனாக இருந்தவர். குடும்ப ஓய்வூதியத்திலே சிக்கனமாய்க் காலம் தள்ளுகிறார். பேத்திக்குக் காதுகுத்து என்று 2019இல் விழுப்புரத்துப் பக்கம் உள்ள தம் ஊருக்குப் புறப்பட்டார். இரண்டு ஆண்டுகளாகக் காய்கறி வாங்கிய மீதியில் சேர்த்து வைத்த பத்து ரூபாய் நாணயங்கள், 180 எண்ணிக்கை, ஒரு துணிப்பையில் முடிந்து எடுத்துச் சென்றார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பேத்திக்கு ஒரு பட்டுப்பாவாடை எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

விழுப்புரம் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ ஓட்டுநர், 'பாட்டி, இது இங்கே செல்லாதுங்க' என்றார். 'ஏன் தம்பி, இதிலே சிங்கத்தலை இல்லையா?' என்று கேட்டிருக்கிறார் கிழவியார். 'சிங்கம் இருக்கு பாட்டி. நான் வாங்கினா என்கிட்டே யாரும் வாங்க மாட்டாங்களே!' ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சொன்னது உண்மை. பேருந்திலும் இதே பதில். தேநீர்க் கடையிலும் இதே பதில். ஒரு வங்கியிலே, கூட்டமாய் இருக்கிறது, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றனர். வங்கிகள் நாணயங்களை மறுக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. ஆனால் எழுபது வயது மூதாட்டி அதனை எவரிடம் எடுத்துக் காட்டுவார்? காதுகுத்து மறுநாள். பாவாடையை மகளே எடுத்தார். கிழவியார் கோயிலுக்குப் போய், பத்து நாணயங்களை உண்டியலில் இட்டுவிட்டு, மீதி நூற்றெழுபதையும் அப்படியே முடிந்து கரக்பூருக்குத் திருப்பிக் கொண்டு வந்தார். 'அத்தனை ஊரிலே சாமி ஒருத்தர்தான் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்' என்று அவர் சொல்லக் கேட்டோம். இங்கே வந்து இறங்கியதும் டோட்டோக்காரர் அந்த நாணயங்களில் இரண்டை ஒரு வார்த்தையும் பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாராம்.

இந்த வதந்திக்கு ஓர் இளைஞர் வேடிக்கையாகப் பதில் சொன்னார். தர்மபுரி மாவட்டம் அரூரைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் கொடுக்கும் பத்து ரூபாய் நாணயங்களை மீதியாகக் கொடுத்தால் அவர்களே வாங்குவதில்லை, வீட்டிலே குவிந்தன. சிறுவர்கள் அந்நாணயங்களை வைத்து விளையாடுவதைக் கண்டு மனம் நொந்த அவர், 2022 ஜூன் மாதத்தில் பத்து ரூபாய் நாணயங்களாகவே ஆறு இலட்சம் ரூபாய் கொண்டுபோய் ஒரு கார் வாங்கிவிட்டார்! அறுபதாயிரம் நாணயங்கள். ஒன்றின் எடை 7.71 கிராம். சரக்குப் பதிவு அலுவலகப் பழக்கம் விடாது. நாம் பெருக்கிப் பார்த்தோம். நானூற்றறுபது கிலோவுக்கு மேல். கார் வந்ததோ இல்லையோ, அதற்கான பணத்தை ஏற்றி வரவே ஒரு வண்டி வேண்டியிருந்திருக்கும். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் சேலத்து இளைஞர் ஒருவர் இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒற்றை ரூபாய் நாணயங்களைக் கொட்டி மோட்டார் சைக்கிள் வாங்கினார்; எண்ணி முடிக்கப் பத்து மணி நேரம் ஆயிற்றாம். வேடிக்கைக்கு அப்பால் ஒன்று சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரையில்தான் கட்டாயமாகச் செல்லும். ஐம்பது காசு பத்து ரூபாய் வரையில். ஆகையால் அவ்விரு விற்பனையாளர்களும் மறுத்திருந்தால் சட்டம் அவர்கள் பக்கமே நின்றிருக்கும். அவர்கள் மறுக்காமல் உட்கார்ந்து எண்ணியது பெருந்தன்மை. விழுப்புரத்து மூதாட்டியின் பத்து ரூபாய்க்கோ சட்டம் முழுத் துணை நின்றது; எண்ணத்தான் ஆளில்லை.

இனி, நம் இலாகாவைப் பற்றியும் இரண்டு செய்திகள். சொந்த வீட்டுக் கதையை மறைத்துவிட்டுக் கடைக்காரரை மட்டும் சொல்வது நியாயமன்று.

1999 டிசம்பர் 25. மதுரா கண்டோன்மெண்ட் நிலையத்தில் வழக்கறிஞர் ஒருவர் மொராதாபாத்துக்கு இரண்டு சீட்டுக் கேட்டார். சீட்டு ஒன்று 35 ரூபாய், ஆக எழுபது. நூறு ரூபாய் கொடுத்தார். திரும்பி வந்தது பத்து. மீதி இருபதைக் கேட்டும் கிடைக்காமற்போகவே, நுகர்வோர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். விசாரணை நூறு தவணைகளுக்கு மேல் நடந்தது. தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்டில். இருபது ரூபாயை ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீத வட்டியோடு திருப்பித் தருவதோடு, பதினையாயிரம் ரூபாயும் செலுத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. தனிவட்டியாகக் கணக்கிட்டால், இருபத்திரண்டரை ஆண்டுக்கு வட்டி ஐம்பத்து நாலு ரூபாய்! குடும்பத்தார் பலமுறை வழக்கை விட்டுவிடச் சொன்னார்களாம். அவர் விடவில்லை. சீட்டு ஜன்னலின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் என்ற முறையில், அவரை நாம் வாழ்த்துகிறோம். அவர் நம் ஜன்னலுக்கு வந்தால் முதலில் மீதியை எண்ணி வைத்துவிட்டுப் பிறகுதான் சீட்டையே நீட்டுவோம்.

மற்றொருவர் ராஜஸ்தானத்துக் கோட்டா நகரத்துப் பொறியாளர். 2017 ஏப்ரலில் 765 ரூபாய்க்கு டில்லிச் சீட்டு ஒன்று பதிவு செய்தார். பயண நாள் ஜூலை 2. அதற்கு முன்னதாகவே ரத்துச் செய்துவிட்டார். ரத்துக் கட்டணம் 65 போக 700 வரவேண்டும், 665தான் வந்தது. ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரியை முன்னிட்டு, வரி என்று முப்பத்தைந்து ரூபாயைப் பிடித்துக்கொண்டனர். அவர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பத்துக்குமேல் விண்ணப்பமாக ஐம்பது போட்டார். 2019இல் முப்பத்து மூன்று ரூபாய் வந்தது. இரண்டு ரூபாய் எங்கே? மேலும் மூன்று ஆண்டு போராடி 2022இல் அதையும் வாங்கினார். அவர் வாங்கியது முப்பத்தைந்து ரூபாய்தான். ஆனால் அதே முறையில் பிடித்தம் செய்யப்பட்ட 2.98 இலட்சம் பேருக்கு மொத்தம் 2.43 கோடி ரூபாய் திருப்பித் தர ஏற்பாடாயிற்று. அந்த மூன்று இலட்சம் பேரில் எத்தனை பேர் தமக்கு எவ்வளவு குறைந்தது என்று பார்த்திருப்பார்கள்? நம்மவர் சிலரும் அதில் இருக்கக்கூடும்.

எல்லாரும் இருபது ஆண்டு வழக்காட வேண்டியதில்லை. அறிந்து வைத்திருந்தால் அன்றாடம் பயன்படும் சிலவற்றைச் சொல்கிறோம்.

நெடுந்தூர வண்டியில் செல்லும் நம் குடும்பங்களுக்கு முதற்செலவு தண்ணீர். 'ரயில் நீர்' ஒரு லிட்டர் புட்டியின் விலை பதினைந்தாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பதினான்கு ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அரை லிட்டர் பத்திலிருந்து ஒன்பது. விலை குறைந்தது, ஆனால் பதினைந்தை வாங்கிக்கொண்டு ஒரு ரூபாயைத் தேடும் பாவனை கூடியது. குளிர்ந்த புட்டி என்று இருபது கேட்போரும் உண்டு. புட்டியின்மேல் அச்சிட்டுள்ள விலைக்குமேல் கேட்பது, குளிர்ச்சிக்கானாலும் சரி, சட்டவிரோதம். 139 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். பல சமயங்களில் அந்த எண்ணைத் தொடும் அளவுக்குப் போகவேண்டியதே இல்லை. 'பில் கொடுங்கள்' என்ற இரண்டு சொற்களே போதும். பில் கொடுக்காவிடில் பணம் கொடுக்க வேண்டாம் என்பது ரயில்வேயின் அறிவிப்பு.

2023 முதல் பல நிலையங்களில், பொதுப்பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே, குறைந்த விலை உணவு விற்கப்படுகிறது. ஏழு பூரியும் உருளைக்கிழங்கும் ஊறுகாயும் இருபது ரூபாய் என்று தொடங்கினார்கள். பெட்டிக்குள் வரும் சாப்பாட்டுக்காகக் காத்திருந்து நான்கு மடங்கு கொடுப்பவர்கள், வண்டி நிற்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கி வாங்கலாம். குழந்தைகளைப் பெட்டியில் தனியே விட்டு இறங்க வேண்டாம்.

கடைச்சரக்கிலே பெரிய பொட்டலம் எப்போதும் லாபம் என்பது ஒரு மூடநம்பிக்கை. தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் உறைகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், பல வகைகளில் புட்டியைவிட மில்லிலிட்டருக்கு விலை குறைவாகவே வருகிறது. இந்தச் சிறு உறை வியாபாரத்துக்கு வழிகாட்டியவர் நம் கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் என்பது தமிழர் பெருமைப்படத்தக்க செய்தி. கிராமுக்கு, மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பதை இப்போது பொட்டலத்தின்மீதே அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுத்து எறும்பளவு. மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

அச்சிட்ட விலைக்குமேல் வாங்கும் கடையைப்பற்றி 1915 என்ற எண்ணில் முறையிடலாம், தமிழிலும் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

தொலைபேசி வழியாகப் பணம் செலுத்தும் முறை வந்தபின் இந்தச் சச்சரவெல்லாம் ஒழிந்தது என்பர் இளைஞர். பாதி உண்மை. பதினான்கு ரூபாயைப் பதினான்காகவே அனுப்பலாம், மிட்டாய்க்கு வேலையில்லை. 2025இல் வரி குறைந்தபோது ஒரு ரூபாய் மிட்டாய் எண்பத்தெட்டுக் காசு என்று விலை போட்டு வந்த விந்தையும் நடந்தது. அந்த மீதிப் பன்னிரண்டு காசை எந்தக் கடைக்காரர் எந்த நாணயத்தில் கொடுப்பார்? தொலைபேசியில்தான் கொடுக்க முடியும். ஆனால் அந்த விழுப்புரத்து மூதாட்டியிடம் இருப்பது பொத்தான் தொலைபேசி. அவர் பணம் துணிப்பையில்தான் இருக்கிறது.

ஆகவே நம் சங்க நூலகத்தில் இம்மாதம் முதல் இரண்டு பெட்டிகள் வைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டிலே சில ஊர்களில் பத்து ரூபாய் நாணயத்துக்கு இன்னும் தயக்கம் நீங்கவில்லை; இங்கே சின்ன ஒற்றை ரூபாய்க்கு மரியாதை இல்லை. ஊருக்குப் புறப்படுவோர் தம்மிடமுள்ள பத்து ரூபாய் நாணயங்களை முதற்பெட்டியில் செலுத்தி, அதற்கு ஈடாக நோட்டும், இரண்டாம் பெட்டியிலுள்ள சிறிய ஒற்றை ரூபாய்களும் பெற்றுக்கொள்ளலாம். சிறிய ஒற்றை ரூபாய் தேங்கிக் கிடக்கும் வீட்டார் அவற்றை இரண்டாம் பெட்டியில் சேர்த்து, இங்கே தடையின்றிச் செல்லும் பத்துகளாக மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு முறை ஐந்நூறு ரூபாய் வரை. கணக்கு எழுதும் பொறுப்பு நம்முடையது. சனி, ஞாயிறு மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்கும். ஐம்பது காசும் மிட்டாயும் ஏற்கப்படமாட்டா.